ஒரு சொட்டு ரத்தம்: சுங்கை சிப்புட் முகாமில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் நடக்கிறது. விரல் குத்தும் மேசையில் உட்காருபவள் நான். வார நாட்களில் வடக்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை. சிறு துளி ரத்தத்தில் டெங்கியைக் கண்டறியும் உணரியைச் செய்துபார்க்கும் குழுவில் நானும் ஒருத்தி. டாக்டர் அல்ல. எத்தனை முறை சொன்னாலும் ஊரில் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விரலைத் துடைத்துக் குத்துகிற அரை நிமிடத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். நான் பதிலை முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து கையை நீட்டிவிடுகிறார். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

1. பயோசென்சர் என்கிறீர்களே, அது ஏதோ புது மிஷினா?

உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் இனிப்புநீர் (ரத்தச் சர்க்கரை) மீட்டர்தான் உலகத்திலேயே அதிகம் விற்ற பயோசென்சர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். எனவே நம் ஊரில் இந்தக் கருவியைத் தொடாத வீடு குறைவு.

தமிழில் உயிர் உணரி என்று எழுதுகிறார்கள். அதில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆளை அடையாளம் காண்பவர். இவர் உயிருள்ளவற்றிலிருந்து வந்தவர்: ஒரு நொதி (என்சைம்), ஓர் எதிர்ப்புப்பொருள் (கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் புரதம்), சில சமயம் ஒரு துண்டு டிஎன்ஏ. இன்னொருவர் கண்டதை வெளியே சொல்பவர். மின்சாரமாகவோ நிறமாகவோ ஒளியாகவோ சொல்வார். இந்த இருவரையும் ஒட்டவைப்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

2. ஒரு சொட்டு போதும் என்கிறார்கள். சொட்டு என்றால் எவ்வளவு?

கிளினிக்கில் நரம்பிலிருந்து எடுக்கும் குழாயில் மூன்று முதல் ஐந்து மில்லிலிட்டர் பிடிக்கும். ஒரு மில்லிலிட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோலிட்டர். விரல் நுனியில் திரண்டு நிற்கும் சொட்டு பத்து, இருபது மைக்ரோலிட்டர் இருக்கும். அதில் இன்றைய இனிப்புநீர் பட்டை உறிஞ்சுவது அரை மைக்ரோலிட்டர் அளவுதான். சில பட்டைகளுக்கு 0.3 போதும். 1975-ல் விற்பனைக்கு வந்த முதல் இனிப்புநீர் பயோசென்சருக்கு 25 மைக்ரோலிட்டர் தேவைப்பட்டது. அதை மேசையில்தான் வைக்க முடியும், சட்டைப்பையில் அல்ல.

3. ரத்தம் பட்டதும் அந்தப் பட்டைக்கு எப்படித் தெரிகிறது?

பட்டையின் நுனியில் காய்ந்த பொடியாக ஒரு நொதி பூசியிருக்கும். பழைய வெங்காயத்தில் கறுப்பாகப் பூக்குமே, அந்தப் பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்பர்ஜிலஸ் நைஜர்தான் பல பட்டைகளுக்கு இந்த நொதியைத் தருகிறது. பெயர் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ரத்தத்தில் ஆயிரம் பொருள்கள் இருந்தாலும் இது குளுக்கோஸை மட்டும் பிடித்து, அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும். இடையில் ஒரு தூதுவப் பொருள் அவற்றை வாங்கி மின்முனையில் கொண்டு சேர்க்கும். மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். குளுக்கோஸ் அதிகமானால் ஓட்டமும் அதிகம். மீட்டர் அதை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது, ஐந்தாறு விநாடிக்குள்.

நொதியை மின்முனையோடு சேர்க்கும் யோசனையை 1962-ல் முன்வைத்தவர் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க். தூதுவப் பொருளாக ஃபெரோசீனைப் பயன்படுத்தலாம் என்று 1984-ல் பிரிட்டனில் காட்டினார்கள். 1987-ல் பேனா வடிவ மீட்டர் கடைக்கு வந்தது. யோசனையிலிருந்து சட்டைப்பைக்கு வர 25 ஆண்டுகள். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். 11-ஆம் கேள்வியில் என்னைத் திட்டும்போது உதவும்.

4. வீட்டு மீட்டரில் 9.2, அன்றைக்கே கிளினிக்கில் 8.1. எது பொய் சொல்கிறது?

இரண்டும் உண்மை சொல்லியிருக்கலாம். ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரம் 2013-இலிருந்து கேட்பது இது: 5.55-க்கு மேல் இருந்தால், நூறில் 95 அளவீடுகள் ஆய்வக மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5.55-க்குக் கீழே என்றால் 0.83 வித்தியாசம் வரை பரவாயில்லை. 8.1-க்கு 15 விழுக்காடு கூட்டினால் 9.3 வரை போகிறது. உங்கள் 9.2 உள்ளே அடங்குகிறது.

இதுபோக, சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் நரம்பு ரத்தத்தைவிடக் குளுக்கோஸ் கூடுதலாக இருக்கும். சரியான குழாயில் எடுக்காமல் ரத்தத்தை வெளியில் வைத்துவிட்டால் அணுக்களே குளுக்கோஸைத் தின்று எண்ணைக் குறைக்கும். ஆக, ஒரு நாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாமல் இரண்டு வாரக் குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள்.

மறக்காமல் ஒன்று: தமிழ்நாட்டு உறவினர் "எனக்கு 150" என்று சொன்னால் பதற வேண்டாம். அவர்கள் அளவு வேறு: அங்கே மில்லிகிராம்/டெசிலிட்டர், இங்கே மில்லிமோல்/லிட்டர். 18-ஆல் வகுத்தால் நம் எண் வரும். 150 என்றால் 8.3.

5. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாதா? கை வேறு கழுவ வேண்டுமா?

வேண்டும். சோப்பு, தண்ணீர், பிறகு நன்றாக ஈரம் துடைக்க வேண்டும். ஒரு முகாமில் பாட்டி ஒருவருக்கு 14 காட்டியது. பையில் பார்த்தால் ரம்புத்தான். வரிசையில் நின்றபடியே உரித்துச் சாப்பிட்டிருக்கிறார். கழுவிவிட்டு வரச் சொன்னேன், 6.8. அரை மைக்ரோலிட்டரில் பழச்சாற்றின் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கே பெரிய சர்க்கரை மூட்டைதான். பஞ்சு அதைப் பூசி விடுமே தவிர முழுதாக நீக்காது.

6. ரத்தம் வராவிட்டால் விரலைப் பிழியலாமா?

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு இதை விளக்குவது சுலபம். பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். மழைநீர் கலந்திருந்தால் எண் இறங்கும், கூலியும் இறங்கும். விரலை அழுத்திப் பிழியும்போது சதைக்குள் இருக்கும் நீர் ரத்தத்தோடு சேர்ந்து வருகிறது. அது மழைநீர் விழுந்த பால்.

கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சூடாக்கி, விரலின் நடுப்பகுதியில் அல்லாமல் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

7. இனிப்புநீருக்கு ஒரு சொட்டு போதும் என்றால், மாரடைப்பு, புற்றுநோய், கிருமி எல்லாவற்றையும் அதே சொட்டில் பார்த்துவிடலாமே?

நான் ரொம்பப் பேசும் கேள்வி இது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் குளுக்கோஸ் மூலக்கூறுகள் எத்தனை? அளவு 5 என்றால், 3-க்குப் பின்னால் 15 பூஜ்யங்கள் போட வேண்டும். மாரடைப்பில் இதயத் தசையிலிருந்து கசியும் டிரோபோனின் என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு 14 நானோகிராம் என்பதையே டாக்டர்கள் எல்லையாகப் பார்க்கிறார்கள். அதே ஒரு மைக்ரோலிட்டரில் அது ஏறக்குறைய இரண்டு லட்சம் மூலக்கூறுகள்தான். ஆயிரம் கோடிக்கும் அதிகமான குளுக்கோஸுக்கு ஒரு டிரோபோனின். தைப்பூசத்துக் கூட்டத்தில் ஒரு குழந்தையைத் தேடுவதெல்லாம் இதற்கு முன்னால் எளிய வேலை. உணரி அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது, சுற்றியிருக்கும் மற்ற புரதங்களை அதுவென்று நினைத்துக் கத்தாமலும் இருக்க வேண்டும்.

ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளியிடம் நிலைமை இன்னும் மோசம். பெரியவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் ஒரு பாக்டீரியாவோ பத்தோ மட்டும் இருப்பது சகஜம். மில்லிலிட்டருக்குப் பத்து என்றாலும், ஒரு மைக்ரோலிட்டர் எடுத்தால் நூறு தடவையில் 99 தடவை அதில் ஒரு கிருமிகூட இருக்காது. இல்லாததை எந்தக் கருவி காட்டும்? அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு புட்டிக்கும் எட்டு, பத்து மில்லிலிட்டர் எடுத்து வளர்த்துப் பார்க்கிறார்கள். "ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள்" என்று நர்ஸிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு சங்கடம், சொட்டுக்குச் சொட்டு வேறுபாடு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஒரே குத்திலிருந்து அடுத்தடுத்து வந்த சொட்டுகளை அளந்தார்கள். ஹீமோகுளோபினும் அணுக்களின் எண்ணிக்கையும் சொட்டுக்குச் சொட்டு மாறின. நரம்பு ரத்தத்தின் துல்லியம் கிடைக்க ஆறு முதல் ஒன்பது சொட்டுகளைச் சராசரி பார்க்க வேண்டியிருந்தது. கலக்காத வாளியில் மேலாக மொண்ட பாலை நம்பிக் கிராணி எப்போதாவது கூலி போட்டிருக்கிறாரா?

8. அமெரிக்காவில் ஒரு பெண் இதையேதான் சொல்லி ஜெயிலுக்குப் போனாள். நீங்களும் அந்தக் கதைதானா?

எலிசபெத் ஹோம்ஸ். தெரனோஸ் நிறுவனத்தை 2003-ல், பத்தொன்பது வயதில் தொடங்கினார். விரல் நுனி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் என்று சொல்லி, நிறுவனத்தின் மதிப்பு ஒரு கட்டத்தில் 9 பில்லியன் டாலர் வரை ஏறியது. 2015-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் உள்விவரங்களை வெளியிட்டது: பெரும்பாலான சோதனைகளை மற்றவர்கள் தயாரித்த வழக்கமான இயந்திரங்களில்தான் செய்துகொண்டிருந்தார்கள், சிறு மாதிரியை நீர்க்கச் செய்து. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பு, நவம்பரில் 11 ஆண்டுக்கு மேல் சிறை.

7-ஆம் கேள்வியின் பதிலை அவர் நிறுவனம் பார்க்க மறுத்தது என்பது என் எண்ணம். நாங்கள் ஒரே ஒரு நோய்க்கு, ஒரே ஒரு புரதத்துக்குச் செய்கிறோம். அதற்கே மூச்சு முட்டுகிறது. கோடீஸ்வரியாகும் அறிகுறியும் தெரியவில்லை.

9. கோவிட் சமயத்தில் போட்ட ஆர்டிகே குச்சி, கர்ப்பம் பார்க்கும் குச்சி, இவையும் இந்த ரகம்தானா?

ஆமாம், தம்பி தங்கைகள். காகிதப் பட்டையில் திரவம் தானாக ஊர்ந்து போகிறது. வழியில் தங்கத் துகள்கள் ஒட்டிய எதிர்ப்புப்பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. தேடும் பொருள் இருந்தால் கோட்டில் மாட்டிக்கொள்ளும். கோடு சிவப்பாகத் தெரிவதற்குச் சாயம் காரணமல்ல. தங்கத்தை அவ்வளவு பொடியாக்கினால் அதன் நிறமே சிவப்பு. நகைக்கடைக்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

நம் நாட்டிலும் இதில் நல்ல வேலை நடந்திருக்கிறது. டைபாய்டுக்கான டைபிடாட் சோதனை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவானது. யானைக்கால் புழுவுக்கான புருகியா ரேப்பிட் சோதனையும் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் தோலுக்கு அருகிலுள்ள ரத்தத்துக்கு வரும். அதனால் முன்பு ராத்திரியில் வந்து விரல் குத்தினார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை டிரசர் (தோட்டத்து மருந்துவ உதவியாளர்) எழுப்பி வரிசையில் நிறுத்திய கதையை என் பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புது சோதனை புழுவைத் தேடாமல், அதற்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்புப்பொருளைத் தேடுகிறது. பகலில் குத்தினாலும் போதும்.

10. டெங்கி சோதனையில் இல்லை என்று வந்தது. இரண்டே நாளில் பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சோதனை ஏமாற்றிவிட்டதா?

அந்த அம்மாவின் குரலில் இருந்த கோபம் நியாயமானது. ஆனால் எந்த நாள் எதைத் தேடினார்கள் என்று பார்க்க வேண்டும். காய்ச்சலின் முதல் நாட்களில் ரத்தத்தில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் இருக்கும். ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகு அது குறையத் தொடங்கும். எதிர்ப்புப்பொருளான ஐஜிஎம் அப்போதுதான் தலைகாட்டும். கிளினிக்கில் 'காம்போ' என்று ஒரே சமயத்தில் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். முன்பே ஒருமுறை டெங்கி வந்தவர்களுக்குப் பழைய எதிர்ப்புப்பொருள் என்எஸ்1-ஐச் சுற்றிக் கட்டிக்கொள்வதால், முதல் நாட்களில்கூட அது தப்பிப்போகலாம். நம் ஊரில் இரண்டாம் தடவைக்காரர்கள் நிறைய.

'இல்லை' என்றால் 'இந்தக் குச்சிக்கு, இன்றைக்கு, தெரியவில்லை' என்று மட்டும் பொருள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி இருந்தால் கோட்டைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "சூடு விட்டுவிட்டது" என்று அப்போது வேலைக்குப் போகாதீர்கள்.

11. ஒன்பது வருஷமாக ஆய்வகத்தில் என்னதான் செய்கிறாய்? இன்னும் கடைக்கு வரவில்லையே?

என் சித்தப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பது. முதல் வருஷத்திலேயே எங்கள் உணரி பிரமாதமாக வேலை செய்தது, சித்தப்பா. உப்புநீரில். சுத்தமான உப்புநீரில் என்எஸ்1-ஐக் கலந்து விட்டோம், கோடு அழகாக ஏறியது. அதே உணரியை ரத்தத்தில் முக்கினோம், ஊமையாகிவிட்டது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் லிட்டருக்கு 40 கிராம் அளவில் மிதக்கிறது. நாங்கள் தேடுவது அதன் முன்னால் தூசு. ஆல்புமின் ஓடிவந்து தங்க மின்முனை மேல் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது. அதை ஒட்டவிடாத பூச்சு வேண்டும். பூச்சு தடித்தால் மின்சாரம் வராது. எதிர்ப்புப்பொருளைத் தலைகீழாக ஒட்டினால் பிடிக்கும் கை தங்கத்தின் பக்கம் போய்விடும். நிமிர்த்தி நிறுத்தவே தனி வேதியியல் இருக்கிறது. இரண்டு வருஷம் இதிலேயே போயிற்று.

பிறகு டிரான்சிஸ்டர் வகை உணரிக்கு மாறிப் பார்த்தோம். புரதத்தின் மின்னேற்றத்தை நேராக உணரும் வகை, கேட்க அழகாக இருக்கும். ஆனால் ரத்தத்தில் இருக்கும் உப்பு மின்னேற்றத்தை மறைத்துவிடுகிறது. ஒரு நானோமீட்டருக்கு அப்பால் உணரிக்குக் கண் தெரியாது, எதிர்ப்புப்பொருளின் உயரமோ பத்து நானோமீட்டர் அளவு. திரும்பவும் பழைய வகைக்கே வந்தோம்.

இப்போது தலைவலி வேறு. திங்கட்கிழமை செய்த பட்டையும் வியாழக்கிழமை செய்த பட்டையும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் கிடந்தாலும் புரதம் கெடக்கூடாது. பிறகு நோயாளிகளின் மாதிரிகள், நெறிமுறைக் குழு, 2012 மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி பதிவு. கிளார்க்குக்கும் பேனா மீட்டருக்கும் நடுவில் 25 ஆண்டுகள் என்று 3-இல் சொன்னேனே.

12. அப்பாவுக்கு வயிற்றில் தண்ணீர் விட்டு டயாலிசிஸ். அவருக்கு எந்த மீட்டர் வாங்கினாலும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வயிற்று டயாலிசிஸில் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மருந்துநீரைக் கொடுப்பார்கள். அது உடம்பில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக உடையும். 3-இல் சொன்ன நொதிக்கு மால்டோஸைக் கண்டால் தெரியாது. ஆனால் ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற வேறு நொதியைப் பூசிய பட்டைகள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். மீட்டர் 12 காட்டும், உண்மையில் 3 இருக்கும். 12-ஐ நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. மரணங்கள் நேர்ந்ததால் 2009-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகையும் சேர்ந்து வரும். சிவப்பணு குறைந்தால் பல மீட்டர்கள் இன்னும் கூட்டித்தான் காட்டும். இரண்டு பிழையும் ஒரே பக்கம் இழுக்கின்றன. கடைக்காரரிடம் கேட்காதீர்கள், டயாலிசிஸ் நர்ஸிடம் பட்டைப் புட்டியைக் கொண்டுபோய்க் காட்டி, மால்டோஸால் ஏமாறுமா என்று கேளுங்கள்.

13. குத்தாமலே இனிப்புநீர் காட்டும் கைக்கடிகாரம் 99 வெள்ளிக்கு வருகிறதே, வாங்கட்டுமா?

வேண்டாம். தோலைக் குத்தாமல் தானாக ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் சொன்னது. கையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான உணரி வேறு. அது மெல்லிய இழையைத் தோலுக்குள் விட்டு, திசு நீரில் அளக்கிறது. ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். விலை குறையட்டும், நானே எல்லாரையும் போடச் சொல்வேன்.

14. உங்கள் கருவி கடைசியில் வந்து 'ஆம்' என்று சொன்னால் நூற்றுக்கு நூறு உறுதிதானே?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கேட்டார். அவரிடம் ஒரு கணக்கையே திருப்பிக் கொடுத்தேன். நோய் உள்ளவர் நூறு பேரில் 95 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவர் நூறு பேரில் 95 பேரை விட்டுவிடும் கருவி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். நல்ல கருவிதான். ஊரில் ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம்; உண்மையில் பத்துப் பேருக்குத்தான் நோய். கருவி அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரையோ பத்துப் பேரையுமோ பிடித்துவிடும். மீதி 990 பேரில் ஐந்து விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஐம்பது பேருக்கும் 'ஆம்' என்று சொல்லும். ஆக, 'ஆம்' வாங்கிய அறுபது பேரில் ஐம்பது பேருக்கு நோயே இல்லை.

வாத்தியார் சற்று நேரம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் காய்ச்சல் இருப்பவனை மட்டும் சோதித்தால்?" என்றார். அதுதான். காய்ச்சல்காரர்கள் ஆயிரம் பேரில் முந்நூறு பேருக்கு டெங்கி என்றால், அதே கருவியின் 'ஆம்' பத்தில் ஒன்பது தடவை சரி. கருவி மாறவில்லை, முன்னால் உட்கார்ந்திருப்பவர் மாறினார். காய்ச்சல் இல்லாமல் "சும்மா ஒரு டெங்கி பார்த்துவிடு" என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்புவது இந்தக் கணக்கால்தான்.